எண்ணெய்ப் பணம் வந்தால் எங்கே போடுவது? கொழுந்து மலையிலிருந்து ஒரு கணக்கு

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, எண்ணெய்க் கிணறு கிடையாது. ஆனால் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் அடைக்க ஒப்புக்கொண்ட நாடு இது. ஈரானிடம் முன்பு வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் பாக்கி இருந்தது. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையைக் கொடுத்து அதைக் கழிப்பது என்று 2021 டிசம்பரில் இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டன. ஹட்டனில் என் உயர்தரப் பொருளியல் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அப்போ மன்னார்ல எண்ணெய் எடுத்தா எங்கம்மா எடுக்கிற கொழுந்துக்கு என்ன சேர் ஆகும்?"

கடன் தீரும், கொழுந்துக்கும் நல்ல காலம் பிறக்கும் என்று வகுப்பில் பாதிப்பேர் நினைத்தார்கள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில், எண்ணெய்ப் பணத்தை எந்த வழியில், எந்த வேகத்தில் செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தத் தாயின் வேலை நிலைக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும். அன்றிலிருந்து விவாத அணிப் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் என்று பலரும் இதையே கேட்கிறார்கள். சேமிப்பதா, பள்ளிக்கூடம் கட்டுவதா, கையில் கொடுப்பதா, கடனைக் கட்டுவதா? ஒவ்வொரு வழியிலும் ஏற்கெனவே நடந்து பார்த்த நாடுகள் உண்டு. அவற்றை வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் மன்னார் நிலவரம். 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார் கடற்படுகையில் டொராடோ, பராகுடா என்று பெயரிட்ட கிணறுகளில் எரிவாயு இருப்பதைக் கண்டது. எடுத்து விற்றால் கட்டாது என்று 2015இல் விலகிப் போய்விட்டது. 2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. விற்பனைக்கு இன்னும் எதுவும் எடுக்கப்படவில்லை. வராத பணத்தைப் பற்றி இப்போதே ஏன் பேச வேண்டும்? கயானாவைப் பாருங்கள். அங்கே எண்ணெய் கண்டது 2015இல். ஒப்பந்தம் 2016இல். முதல் பீப்பாய் வெளியே வந்தது 2019 டிசம்பரில். மக்கள் ஒரு துளியைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்பது எழுதி முடிந்துவிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும் என்பது என் கருத்து.

தராசு யார் கையில்? என் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு நான் பக்கத்தில் போய் நிற்பேன். தராசு முள் 19இல் நிற்கும். கணக்கப்பிள்ளை வாயிலிருந்து 16 என்று வரும். கூடைக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு இரண்டு கிலோ கழிவு. மழையே இல்லாத மாசி மாதத்திலும் தண்ணிக்குக் கழிவு உண்டு. சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அம்மா இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக்கொண்டே அந்த முள்ளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

கயானாவின் ஒப்பந்தத்தைப் படித்தபோது அந்தத் தராசுதான் நினைவுக்கு வந்தது. எடுக்கும் எண்ணெயில் 75 சதவீதம் வரை செலவுக்கென்று நிறுவனங்கள் முதலில் கழித்துக்கொள்ளலாம். மீதியில் பாதி நாட்டுக்கு. அதற்கு மேல் 2 சதவீதம் உரிமைத்தொகை. கழிவு முழுதாக எடுக்கப்படும் வருஷங்களில் நூறு ரூபாய் எண்ணெய்க்கு நாட்டின் கையில் வருவது 14 ரூபாய் 50 சதம். செலவு எவ்வளவு என்று யார் சரிபார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கூலி ஆட்கள் கப்பலில் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் கழிவு என்றால் என்ன என்று தெரிந்திருக்கும்.

ரூபாய்க்கு என்ன ஆகும்? எண்ணெய் விற்ற டொலர் நாட்டுக்குள் வந்து குவிந்தால் ரூபாயின் மதிப்பு ஏறும். நல்ல செய்திபோலத் தெரியும். ஆனால் தேயிலை டொலரில் விற்கிறது, தோட்டத்தின் செலவு பெரும்பாலும் ரூபாயில் போகிறது. ஒரு கணக்குக்கு, ஒரு கிலோ தேயிலை 4 டொலருக்குப் போகிறது என்று வையுங்கள். டொலர் 300 ரூபாயாக இருந்தால் 1,200 ரூபாய். அதே டொலர் 240 ஆனால் 960 ரூபாய். இலை அதே இலை, கிலோவுக்கு 240 ரூபாய் போய்விட்டது. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிகள் முதலில் எடுத்து வைப்பது இந்த 240 ரூபாயைத்தான். இறக்குமதி உரம் மலிவாகும் என்பது உண்மை. ஆனால் தோட்டத்தின் பெரிய செலவு ஆட்கூலி.

நெதர்லாந்தில் 1959இல் குரோனிங்கன் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த நாட்டுத் தொழிற்சாலைகள் இப்படி அடிபட்டன. அதனால் இதற்கு டச்சு நோய் என்றே பெயர். மலையகத்துக்கு இது பாடப்புத்தகச் சொல் மட்டும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது, ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலையும் கூடவே ஏறியது. நாட்சம்பளம் மட்டும் 2021இல் வந்த 1,000 ரூபாயிலேயே 2024 வரை நின்றது. ரூபாய் விழுந்தபோது வந்த லாபம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரவில்லை. ரூபாய் ஏறும்போது வரும் நட்டம் லயத்துக்கு வராமல் இருக்காது. இதனால்தான் நான்கு கேள்விகளிலும் இதையே பெரிதாக வைக்கிறேன்.

விலை விழுந்தால்? 2014 நடுவில் ஒரு பீப்பாய் 100 டொலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30 டொலருக்குக் கீழே போனது. ஒன்றரை வருஷத்தில் வருமானம் மூன்றில் ஒரு பங்கானால் எந்த ஏற்பாடு தாங்கும்?

லயத்துக்கு எட்டுமா? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் தேயிலையை வைத்ததிலிருந்து இந்த நாட்டுக்கு ஒரு பெரிய வளம் கிடைத்தது. அதன் ஏற்றுமதி வரிப் பணம் இலவசக் கல்விக்கும் அரிசி மானியத்துக்கும் உதவியது. தேயிலையை எடுத்தவர்களின் குடியுரிமை 1948இல் பறிபோனது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை ஆனது. அப்புறம் மின்சாரம். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலிருந்து கம்பிகள் கொழும்புக்குப் போனபோது, அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்களில் நீண்ட காலம் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. வளம் வருவது வேறு, வந்த வளம் மலை ஏறுவது வேறு. நாங்கள் அதை இரண்டு முறை பார்த்துவிட்டோம்.

## வழி 1: வெளிநாட்டில் நிதியாகச் சேமிப்பது

நோர்வேயின் வழி. 1969இல் எகோஃபிஸ்க் வயல் கிடைத்தது. இப்போது எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் மொத்தம் 78 சதவீதம் வரியாகப் போகிறது. 1990இல் நிதிக்கான சட்டம் வந்தது, 1996இல் முதல் பணம் போடப்பட்டது. நிதி முழுவதையும் நாட்டுக்கு வெளியேதான் முதலிட வேண்டும். அதன் எதிர்பார்க்கும் வருமான அளவுக்குத்தான், முதலில் 4 சதவீதம், 2017க்குப் பிறகு 3 சதவீதம் என்று, வரவு செலவுத்திட்டத்துக்கு எடுக்கலாம். இன்று அது ஒன்றரை டிரில்லியன் டொலருக்கும் மேல்.

எங்கள் சேமலாப நிதி மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். சம்பளம் முழுக்கக் கையில் வராது, ஒரு பகுதி எங்கோ போய்ச் சேரும், வேலை ஓயும்போது கைகொடுக்கும். அந்தப் பணத்தைத் தோட்டம் ஒழுங்காகக் கட்டியதா என்று ஓய்வுபெறும் அன்றுதான் தெரிந்து அலைந்தவர்களையும் எல்லோருக்கும் தெரியும். எந்த நிதிக்கும் அந்த ஆபத்து உண்டு.

ரூபாய்க் கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். டொலர் உள்ளே வராததால் ரூபாய் ஏறாது, தேயிலை பிழைக்கும். எண்ணெய் விலை விழும்போதும் இதுதான் நன்றாகத் தாங்கும்.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, காலம். எண்ணெய் கண்டு முதல் பணம் நிதிக்குப் போக நோர்வேக்கு 27 வருஷம் எடுத்தது. அந்த இடைவெளியில் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பள்ளியும் பாதையும் ஆஸ்பத்திரியும் ஏற்கெனவே இருந்தன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. சரியக்கூடிய இடம் என்று முன்பே எச்சரிக்கை இருந்தது, மாற்று வீடு இல்லை. அப்படிப்பட்ட லயத்தில் இருப்பவரிடம் நியூயோர்க் பங்குச் சந்தையில் உன் பேரனுக்காகச் சேமிக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாவது, ஒரு கையால் சேமித்துக்கொண்டு மறுகையால் கடன் வாங்குவது. கானா 2011இல் நல்ல சட்டம் எழுதியது. ஒரு பங்கு விலைச் சரிவுக்கான நிதிக்கு, ஒரு பங்கு வருங்காலத் தலைமுறைக்கு என்று அழகாகப் பிரித்தது. ஆனால் எண்ணெய் கண்ட அதே 2007இலேயே 750 மில்லியன் டொலருக்கு முதல் டொலர் முறியை (கடன்பத்திரத்தை) விற்றிருந்தது. பிறகு கடன் நிற்கவே இல்லை. 2015இல் 10.75 சதவீத வட்டிக்கு வாங்கியது. நிதியில் இருந்த பணம் அதில் பாதி வட்டிகூடச் சம்பாதிக்கவில்லை. தீபாவளி முற்பணம் வாங்கி, கழிவு முடிவதற்குள் அடுத்த தீபாவளிக்கும் வாங்குவது போன்ற நிலை. 2022 டிசம்பரில் கானா கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. இலங்கை அதே வருஷம் ஏப்ரலிலேயே அறிவித்திருந்தது.

இந்த வழி எப்போது பொருந்தும்? பெரிய தொகை திடீரென்று வரும்போதும், ஏற்கெனவே வட்டி கூடிய கடன் இல்லாதபோதும்.

## வழி 2: பள்ளி, ஆசிரியர், வீடு, வயல்

பலரும் நோர்வேயோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நாடு இந்தோனேசியா. அதுவும் ஏழை நாடாக இருந்தது, தோட்டங்கள் இருந்தன, மலைகள் இருந்தன.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அந்த அரசு கிராமங்களில் ஆரம்பப் பாடசாலைகள் கட்டத் தொடங்கியது. 1978-79 வரைக்குள் 61,000க்கும் மேல். பெரிய கட்டடங்கள் இல்லை, மூன்று வகுப்பறை கொண்ட சின்னப் பள்ளிகள். எந்த மாவட்டத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் அதிகமோ அங்கே அதிகம் என்பது விதி. கூடவே நெல் விவசாயிக்கு மலிவு உரம், நீர்ப்பாசனம். உலகிலேயே அதிகம் அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்று 1984இல் தன் தேவைக்குத் தானே விளைவித்தது.

இதைவிட முக்கியமான ஒன்று, பலர் கவனிக்காதது. எண்ணெய்ப் பணம் வந்துகொண்டிருந்தபோதே, 1978 நவம்பரில், இந்தோனேசியா தன் நாணயத்தை வேண்டுமென்றே இறக்கியது. டொலருக்கு 415 ருப்பியாவாக இருந்தது 625 ஆனது. கையில் அந்நியச் செலாவணி இல்லாமல் செய்த வேலை இல்லை அது. இறப்பரும் கோப்பியும் ஏற்றுமதி செய்பவர்கள் எண்ணெயால் அழிந்துவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். எண்ணெய் இருந்தும் தோட்டக்காரனை நினைத்த முடிவு. என் மாணவியின் கேள்விக்கு உலகத்தில் யாராவது செயலால் பதில் சொல்லியிருந்தால் அது இந்த முடிவுதான்.

எதிர்ப்பக்கம் நைஜீரியா. 1960களில் நிலக்கடலை, கோகோ, பாம் எண்ணெய் என்று விற்றுக்கொண்டிருந்த நாடு. கனோ நகரத்தில் கடலை மூட்டைகளைக் கோபுரம்போல அடுக்கி வைத்திருப்பார்கள். எண்ணெய் வந்தது, தங்கள் நாணயமான நைராவின் மதிப்பைத் தூக்கிப் பிடித்தார்கள், ஆட்கள் நகரத்துக்குப் போனார்கள், கடலைக் கோபுரங்கள் காணாமல் போயின.

இந்தோனேசியாவைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டாம். அங்கே தேசிய எண்ணெய் நிறுவனமான பெர்டாமினா 1975இல் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது, பொறுப்புகள் 10 பில்லியன் டொலருக்கும் மேல். அப்போதைய ஜனாதிபதி சுஹார்ட்டோவின் குடும்பம் தின்றது வேறு கணக்கு. அச்சே மாகாணத்தில் எடுத்த எரிவாயுவின் பணம் ஜகார்த்தாவுக்குப் போனது. 1976இல் அங்கே தனிநாட்டு இயக்கம் பிறந்தது, அதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, 2005 ஹெல்சிங்கி உடன்பாட்டில்தான் எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் அச்சேக்கு என்று எழுதினார்கள். முப்பது வருஷப் போர் முடிந்துதான் எழுத வேண்டும் என்று என்ன இருந்தது? மன்னாரில் கிணறு தோண்டினால் வலை போடும் இடம் போவது மன்னார், பேசாலை மீனவர்களுக்கு. அவர்கள் பங்கை முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

இந்த வழியின் மறைந்த செலவு என்ன? கட்டடம் ஒரு வருஷத்தில் எழும்பும், ஆசிரியர் ஒரு வருஷத்தில் உருவாக மாட்டார். மலையகத்தில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர் இல்லாமல் பூட்டியே கிடக்கும் ஆய்வுகூடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நுணுக்குக்காட்டிகள் வந்த பெட்டியிலேயே இருந்தன, நெகிழித் தாள்கூடப் பிரிக்கவில்லை. பணத்தை வேகமாகக் கொட்டினால் இப்படிப்பட்ட பெட்டிகள்தான் பெருகும். கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, அவர்கள் வரும் வேகத்துக்குத்தான் பள்ளிகளைக் கூட்ட முடியும். வீடும் அப்படித்தான். எல்லாத் தோட்டத்திலும் ஒரே வருஷத்தில் கட்டத் தொடங்கினால் மேசன் கூலியும் மணலும் சீமெந்தும் கைக்கெட்டாமல் போகும், பணத்தில் பாதி விலையேற்றத்திலேயே கரையும்.

அடிப்படை வசதிகளே குறைவாக உள்ள நாட்டுக்கு, பணம் நிதானமாக வரும்போது, இதுதான் சிறந்த வழி.

## வழி 3: கையில் கொடுப்பது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

ஒன்று, எரிபொருளை மலிவாகக் கொடுப்பது. வெனிசுவேலாவில் பெற்றோல் கிட்டத்தட்ட இலவசமாகவே இருந்தது. யாருக்கு லாபம்? அதிகம் வண்டி ஓட்டுகிறவருக்கு. நைஜீரியா 2023 மே மாதம் மானியத்தை நிறுத்தியபோது விலை சில நாட்களில் இரண்டு, மூன்று மடங்கானது. ஒரே இரவில் எடுத்துவிட முடிகிற உதவியை நம்பி எந்தக் குடும்பமும் திட்டம் போட முடியாது. எங்களுக்கும் அது தெரியும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் போனது. அந்த வாரம் என் வகுப்புக்கு வந்த ஒரு பையனின் கொப்பியில் மெழுகுதிரி சொட்டிய தடம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

மற்றது, ஆளுக்கு இவ்வளவு என்று பணமாகக் கொடுப்பது. அலாஸ்கா 1982 முதல் வருஷா வருஷம் நிதியின் லாபத்தில் ஒரு பகுதியை ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. முதல் வருஷம் ஆளுக்கு 1,000 டொலர். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தைக் குறைத்துவிட்டு ஆளுக்கு மாதம் 455,000 ரியால் வங்கியில் போட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் தொகை அப்படியே நிற்க, விலைவாசி ஏறி ஏறி, சில வருஷத்தில் அதன் பெறுமதி கரைந்துவிட்டது. அலாஸ்கா நிதியின் லாபத்தைப் பங்கிட்டது. ஈரான் ஒரு எண்ணை எழுதி, விலைவாசிக்கு ஏற்ப அதைத் திருத்தாமல் விட்டது.

நேரே கணக்குக்குப் போகும் பணத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு, இடையில் தரகர் இல்லை. மலையகத்தில் அதற்கு இரண்டு கதவுகள் பூட்டிக் கிடந்தன. அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாதவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பெண்ணின் சம்பளத்தை வீட்டு ஆண் வாங்கிப் போவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பெண்ணின் பெயரில், பெண்ணின் கணக்கில் என்று சட்டத்திலேயே எழுதினால் ஒழிய, இந்தப் பணம் பாதி வழியில் சாராயக் கடையில் நிற்கும்.

அரசாங்கத்தின் மேல் நம்பிக்கையே இல்லாத நாட்டுக்கும், தொகை சின்னதாகவும் நிரந்தரமாகவும் இருக்கும்போதும் இது பொருந்தும். எல்லாப் பணத்தையும் இப்படிக் கொடுத்தால் ரூபாய்க் கேள்வியில் தோற்றுவிடும். இறக்குமதிச் சாமான் கடைகளில் நிறையும், தோட்டம் மெலியும்.

## வழி 4: கடனைக் கட்டுவது

இதை யாரும் உற்சாகமாகப் பேசுவதில்லை. ஆனால் 2022இல் ஹட்டனில் எரிபொருள் நிரப்பும் எண்ணெய் செட்டில் வரிசையில் நின்ற யாரும் இதைத் தள்ளிவிட மாட்டார்கள். நைஜீரியா 2005இல், எண்ணெய் விலை ஏறியிருந்த நேரத்தில், கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப்புடன் பேசி சுமார் 12 பில்லியன் டொலரைக் கட்டி 30 பில்லியன் டொலர் கடனிலிருந்து விடுபட்டது. அப்போதைய நிதியமைச்சர் ங்கோசி ஒகொஞ்சோ இவெலா இன்று உலக வர்த்தக அமைப்பின் தலைவி.

ரூபாய்க் கேள்வியில் இது நோர்வே வழியைப் போலவே நல்லது, டொலர் வந்த வழியே வெளியே போகிறது. 10 சதவீத வட்டிக் கடனை அடைப்பது 10 சதவீத லாபம் தரும் சேமிப்புக்குச் சமம், அதில் நட்டம் வரும் ஆபத்தும் இல்லை. மறைந்த செலவு, கை சுத்தமானதும் மறுபடி வாங்கத் தோன்றும். நைஜீரியா மறுபடி வாங்கியது. லயத்துக்கு இதனால் நேராக எதுவும் வராது, வட்டிக்குப் போகாத பணம் எங்கே போகிறது என்பதைச் சட்டத்தில் கட்டிப் போட்டால் ஒழிய.

## வழி 5: தேசிய நிறுவனமும் தொழிற்சாலைகளும்

மலேசியாவின் பெட்ரோனாஸ் 1974இல் தொடங்கி இன்று பல நாடுகளில் தொழில் செய்கிறது. நைஜீரியாவின் அஜாவோகுட்டா உருக்காலை 1979இல் தொடங்கி, பில்லியன்கள் விழுங்கி, ஒழுங்காக உருக்கு வார்த்ததே இல்லை. இந்த வழியில் வெல்வதும் தோற்பதும் நிறுவனத்தை நடத்துபவர்களின் நேர்மையிலும் திறமையிலும் தொங்குகிறது, சட்டத்தால் அதை வாங்க முடியாது. மலேசியாவில் நாடு வளர்ந்த அதே காலத்தில் இறப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாகி, தோட்டத் தமிழர்கள் நகரோரக் குடிசைகளுக்குப் போனார்கள். இலங்கையின் அரச நிறுவனங்கள் நட்டத்தில் ஓடிய வரலாற்றைப் பார்த்தால் இதை நான் இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன்.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | ரூபாயும் தேயிலையும் | எண்ணெய் விலை விழுந்தால் | லயத்துக்கு எட்டுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வெளிநாட்டு நிதி | பாதுகாப்பு | நன்றாகத் தாங்கும் | மிகத் தாமதமாக | காத்திருப்பு, பக்கத்திலேயே வளரும் கடன் |
| பள்ளி, வீடு, வயல் | வேகத்தைப் பொறுத்தது | பாதியில் நிற்கும் ஆபத்து | எட்டும், பங்கு எழுதப்பட்டால் | ஆசிரியர் இல்லாத கட்டடம், விலையேற்றம் |
| மலிவு எரிபொருள் | ஆபத்து | ஒரே நாளில் போகும் | குறைவு | வண்டிக்காரருக்கே லாபம் |
| கையில் பணம் | தொகை கூடினால் ஆபத்து | நிதியின் லாபத்திலிருந்து என்றால் தாங்கும் | எட்டும், ஆவணம் இருந்தால் | பணவீக்கம், பெண் கைக்குப் போகாமை |
| கடன் அடைப்பு | பாதுகாப்பு | கட்டியது கட்டியதுதான் | நேராக இல்லை | மறுபடி கடன் |
| தேசிய நிறுவனம் | கலப்பு | பெரிய அடி | அரிது | ஊழல், ஓடாத ஆலை |

## நான் எதை எடுப்பேன்

சரி, ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் இரண்டாவது வழிதான். ஆனால் முதல் வழியின் பூட்டோடு. வரும் டொலர் முழுக்க முதலில் வெளியே உள்ள ஒரு நிதிக்குப் போகட்டும். முதல் சில வருஷம் அதிலிருந்து வட்டி அதிகமான வெளிநாட்டுக் கடனை மட்டும் அடைக்கட்டும், அது ரூபாயைத் தொடாது. அந்த வருஷங்களில் ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கலாம், சரியும் மலைகளில் உள்ள லயங்களைப் பட்டியலிடலாம், இரண்டுக்கும் பெரிய பணம் தேவையில்லை. பிறகு வருஷம் இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்புக்குள் நிதியிலிருந்து எடுத்துப் பள்ளிக்கும் வீட்டுக்கும் செலவழிக்கலாம். எடுக்கிற வேகத்தை மத்திய வங்கி ரூபாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ரூபாய் திடீரென்று ஏறினால் அந்த வருஷம் குறைவாக எடுக்க வேண்டும். ஒப்பந்தமும் செலவுக் கழிவும் தமிழிலும் சிங்களத்திலும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும், கழிவைச் சரிபார்ப்பவர் நிறுவனத்தின் ஆளாக இருக்கக் கூடாது.

பணம் மிகச் சிறிதாக வந்தால் இந்தப் பூட்டெல்லாம் தேவையில்லை, கடனை அடைத்துவிட்டு மீதியைப் பள்ளிக்குக் கொடுப்பதே போதும். மன்னாரில் இருப்பது எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த நிலையே வரலாம்.

விவாத அணியில் அந்த மாணவியும் இருந்தாள். அவள் இரண்டாவது வழிக்காகப் பேசினாள். எதிரணிப் பையன் ஒருவன் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை: மாவட்டப் பங்கை எதை வைத்துப் பிரிப்பது, வளம் எடுக்கும் இடத்தை வைத்தா, வறுமையை வைத்தா? வறுமையை வைத்தால் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் எண்ணெய்ப் பணம் வரும். எடுக்கும் இடத்தை வைத்தால் மன்னாருக்கு மட்டும்தான்.

வகுப்பு முடிந்த பிறகும் நாங்கள் அதைப் பேசிக்கொண்டே பஸ் நிலையம் வரை நடந்தோம். எனக்கு இரண்டுமே வேண்டும் என்று தோன்றுகிறது, ஒரு பகுதி இடத்துக்கு, ஒரு பகுதி வறுமைக்கு. மன்னாருக்கு எடுக்கும் இடம் என்ற விதியில் ஒரு சதவீதம் எழுதப்படுகிற அன்றைக்கே, அதே விதியை காசல்ரீக்கும் மவுசாகலைக்கும் மேல் கொத்மலைக்கும் கொழுந்து மலைகளுக்கும் எழுதச் சொல்லி மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கும் இலைக்கும் இதுவரை யாரும் ஒரு சதவீதம் எழுதவில்லை.